குகை சார் வீட்டு ஃபேன்

அந்தத் தெருவில் அவருக்குக் குகை சார் என்றுதான் பெயர். வைத்தவர் அவருடைய மனைவி. வாசலில் யாரோ வந்து "சார் இருக்காரா?" என்று கேட்டதற்கு, "குகைக்குள்ள இருக்கார்" என்று அந்த அம்மாள் அலுப்போடு சொல்லிவிட்டுப் போக, தெரு அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது.

குகை என்பது அவர்கள் வீட்டுக் கூடம். ஜன்னல்கள் சாத்தியே இருக்கும்; வெயில் பட்டால் சாயம் வெளுத்துவிடுமாம். மேலே ஒரு ஃபேன் தொங்கும். ஓடாது. ஓடக்கூடாது. ஏனென்றால் கூடத்து மேசைமேல் எந்நேரமும் தபால்தலைகள் பரப்பிக் கிடக்கும். சரி, படுக்கை அறையிலாவது ஃபேன் போடலாமே என்றால் அதுவும் கூடாது. ஒரு முறை அங்கே போட்ட காற்று கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குள் புகுந்து, வரிசையில் நின்ற ஒரு குதிரைத் தபால்தலையைத் தள்ளிவிட்டுவிட்டது. அன்றிலிருந்து வீடு முழுக்கத் தடை. அந்த அம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விசிறிக்கொண்டிருந்தார், முந்தானையால், முறத்தால், பழைய காலண்டர் அட்டையால். அவர் கையில் விசிறி இல்லாமல் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

பிழைப்புக்குக் குகை சார் குடிநீர் வாரிய ஆபீஸில் தலைமை எழுத்தர். தபாலில் வரும் புகார்களைப் பிரித்துப் பதிவது அவர் வேலை. தண்ணீர் வரவில்லை என்று ஜனங்கள் உருகி உருகி எழுதுவார்கள். இவர் உறையின் மூலையைத்தான் முதலில் பார்ப்பார். தபால்தலை நன்றாக இருந்தால் அதைச் சுற்றிச் சதுரமாக வெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை கரைந்ததும் எடுத்து உலர்த்துவார். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத தெருக்காரரின் தபால்தலை மட்டும் ஆபீஸ் கிண்ணத்தில் சுகமாக நீந்திக்கொண்டிருக்கும். இதில் இருக்கும் வேடிக்கை அவர் மூளைக்கு எட்டியதே இல்லை. ஒரு தடவை கத்திரி கொஞ்சம் உள்ளே போய், கடிதத்தின் மூலையும் சேர்ந்து போய்விட்டது. போன மூலையில் இருந்தது தெருவின் பெயர். அந்தத் தெரு எது என்று வாரியம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

இப்படிச் சேர்த்ததையெல்லாம் பிறருக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர் வாங்குவது ஒரே ஒரு வகை. ஆதிமனிதர்கள் பாறையில் வரைந்த ஓவியங்கள் அச்சான தபால்தலைகள். காட்டெருமை, மான், குதிரை, வேட்டைக்காரர்கள், சுவரில் பதிந்த கைகள் என்று உலகத்துக் குகையெல்லாம் அவர் ஆல்பத்துக்குள் இருந்தது. எந்தக் காட்டெருமை எந்தத் தேசத்தில் எந்தச் சாயத்தில் வந்தது, ஓரத்தில் எத்தனை பல் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். எதையும் கையால் தொடமாட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன இடுக்கி இருக்கும். விரலில் வியர்வை உண்டு, எண்ணெய் உண்டு, விரல் பட்டால் தபால்தலை செத்தது என்பார். மகன் வெளிநாட்டில் இருந்தான். வாராவாரம் போனில் முகம் காட்டிப் பேசுவான். கடிதம் மட்டும் போடமாட்டான். ஆகவே மகனைப் பெற்று ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

இத்தனைக்கும் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய மலை ஒன்றில் நிஜமான பாறை ஓவியம் இருந்தது. அவர் போனதில்லை. யாராவது கேட்டால், "அங்க போய் எதைப் பார்க்கறது? பாறைக்குப் பல்லு உண்டா, பசை உண்டா?" என்பார்.

அந்த மலைக்குத்தான் இந்த வருஷம் அதிர்ஷ்டம் அடித்தது. அதன் ஓவியத்தை அரசாங்கம் தபால்தலையாக வெளியிட்டது. ஒரு பெரிய மாடு, அதன் முதுகுக்கு மேலே ஒரு சின்னக் கை. குகை சாருக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் இருந்தது. சேகரிப்பாளர் சங்கம் வருஷா வருஷம் ஒரு கண்காட்சி நடத்தித் தங்கப் பதக்கம் கொடுக்கும். வருஷா வருஷம் அதைப் பல் டாக்டர் ஒருவர் தம்முடைய ரயில் தபால்தலைகளுக்காக வாங்கிக்கொண்டு போவார். குகை சாருக்கு ஆறுதல் சான்றிதழ். போன தடவை தலைமை நடுவர், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டரம்மா, அவருடைய காட்சிப் பலகையின் கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு வேறு எழுதிவிட்டார்: "உறைகளெல்லாம் தனக்குத் தானே அனுப்பிக்கொண்டவை. உண்மையான தபால் ஒன்றுகூட இல்லை."

சேகரிப்பாளர்களுக்கு உயிரான ஒரு சரக்கு உண்டு. ஓவியத்தின் படம் போட்ட அட்டை. படத்தின் மேலேயே அதே ஓவியத்தின் தபால்தலை. அதன்மேல் அந்த ஓவியம் இருக்கிற ஊரின் தபாலாபீஸ் முத்திரை. மூன்றும் ஒத்துப்போனால் சேகரிப்பாளர் சொர்க்கத்துக்கே போய்விடுவார். அதோடு அது நிஜமாகவே ஒருவர் இன்னொருவருக்கு எழுதி, தபாலில் பயணப்பட்டு வந்ததாகவும் இருந்துவிட்டால், பல் டாக்டர் தன் ரயிலேறி ஊரைவிட்டே போகவேண்டியதுதான். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட குகை சாருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவருடைய கொழுந்தியா நர்ஸாக இருந்தாள்.

"நீ ஒரு நாலு நாள் உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாயேன்" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மாள் விசிறுவதை நிறுத்திவிட்டார். இவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. "என்ன திடீர்னு? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"அப்படியே மலையில ஏறி அந்த மாட்டையும் பார்த்துட்டு, எனக்கு ஒரு அட்டை எழுதிப் போடு. இந்தா அட்டை, இந்தா ஸ்டாம்பு. படத்து மேல ஒட்டணும். பின்னால எழுதணும். முத்திரை மாட்டு மூஞ்சில விழாம பார்த்துக்கோ."

அம்மாளின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. "அதானே பார்த்தேன்" என்றார். பிறகு, "என்ன எழுதறது?" என்று கேட்டார்.

"என்ன வேணும்னாலும் எழுது. ஆனா நெஜமா எழுதணும். மனசுல இருக்கறத எழுது. நடுவரம்மா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்ப்பாங்க."

"நெஜமாவா?"

"நெஜமா."

அம்மாள் பெட்டியை எடுத்துப் புடவைகளை அடுக்கினார். நாலு நாளைக்கு எதற்கு இத்தனை புடவை என்று பக்கத்து வீட்டம்மாவுக்குத் தோன்றியது. குகை சார் பெட்டியைப் பார்க்கவில்லை. அட்டை மடங்காமல் போகிறதா என்றுதான் பார்த்தார்.

அட்டை புதன்கிழமை வந்தது. தபால்காரர் வழக்கமாகத் தபாலை வாசலிலிருந்து வீசிவிட்டுப் போகிறவர். அன்று சைக்கிளை நிறுத்தி இறங்கிவந்து கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமலும் நின்றார். அட்டை என்றால் மூடி மறைக்க ஒன்றுமில்லையே. அவர் படித்துவிட்டார். அதில் இருந்தது இதுதான்:

"குகைக்குப் போனேன். மாடு பெரியதாக இருக்கிறது. அதற்கு மேலே யாரோ கையை வைத்துச் சுற்றிச் சாயம் ஊதியிருக்கிறார்கள். பெண் கையாக இருக்கலாம் என்று காவலாளி சொன்னார். தொடாமல் என் கையைப் பக்கத்தில் காட்டிப் பார்த்தேன். என் கை அளவுதான். தங்கச்சி வீட்டில் நாள் முழுக்க ஃபேன் ஓடுகிறது. நன்றாகத் தூங்கினேன். எனக்குத் திரும்பி வரப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே வந்து கூப்பிட்டால் வருகிறேன். வராவிட்டால் தேட வேண்டாம். நீங்கள் சொன்னபடி நிஜமாக எழுதியிருக்கிறேன்."

குகை சார் அட்டையை இடுக்கியால் வாங்கினார். படத்துப் பக்கத்தைப் பார்த்தார். தபால்தலை நேராக இருந்தது. முத்திரை வட்டம் முழுசாக, ஊர்ப்பெயர் தெளிவாக, மாட்டின் மூஞ்சியைத் தொடாமல் விழுந்திருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மனசைத் தேத்திக்கங்க சார்" என்றார் தபால்காரர்.

"எப்படிங்க தேத்திக்கிறது! எத்தனை வருஷத்துக் கனவு!" என்றார் குகை சார்.

தபால்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சைக்கிள் ஏறினார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெண்டாட்டி போய்விட்டாள், மனுஷன் கனவு பலித்தது என்கிறார். பக்கத்து வீட்டம்மா அவரைக் கண்டால் கதவைச் சாத்தினார். காய்கறிக்காரர் கொசுறு போடவில்லை. இவரோ இதில் எதையும் கவனிக்காமல் அட்டையின் நாலு மூலையையும் கண்ணாடித் தாள் முக்கோணங்களில் சொருகி, படம் வெளியே தெரியும்படிப் பலகையில் ஏற்றிக்கொண்டிருந்தார். பின்பக்கம் எழுத்து இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். இருந்தது. நிறையவே இருந்தது. திருப்தியாகத் திருப்பி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மனைவியே போன் பண்ணினார்.

"அட்டை வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு!"

"பார்த்தீங்களா?"

"பார்க்காம? பூதக்கண்ணாடி வெச்சே பார்த்தேன்."

அந்தப் பக்கம் ஃபேன் ஓடும் ஓசை கேட்டது. "அப்ப என்ன சொல்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் அம்மாள்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? பிரமாதம்! இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

"சரி" என்றார் அம்மாள். போன் வைக்கப்பட்டது. போன் செலவிலும் சிக்கனமான பெண்மணி என்று மெச்சிக்கொண்டு இவர் பலகைக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் வரிசை வரிசையாகப் பலகைகள். சேகரிப்பாளர்கள் கூடும் இடத்தில் பேச்சு என்னவோ உலகத்தைப் பற்றித்தான் இருக்கும். ஒருத்தரும் உலகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். கப்பல் சேகரிப்பவருக்குத் தண்ணீரைக் கண்டால் மயக்கம் வரும். பறவை சேகரிப்பவர் காக்கையைக் கல்லால் அடிப்பவர். பல் டாக்டர் கார் இல்லாமல் எங்கும் போகமாட்டார். குகை சார் இஸ்திரி போட்ட சட்டையில் தம்முடைய பலகைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

மதியத்துக்கு மேல் போஸ்ட் மாஸ்டரம்மா வந்தார். ஒவ்வொரு மானாக, ஒவ்வொரு எருமையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அட்டை முன்னால் நின்றுவிட்டார். நல்ல முத்திரையைக் கண்டால் அவருக்கும் பலவீனம்தான். "பின்பக்கம் பார்க்கலாமா?" என்று கேட்டு, கையுறை மாட்டி, அட்டையை எடுத்துத் திருப்பினார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதை எழுதினது உங்க வீட்டம்மாவா?"

"ஆமா மேடம். சொந்தக் கையெழுத்து. மனசுல இருக்கறத எழுதுன்னு நான்தான் சொன்னேன்."

"எழுதியிருக்காங்க" என்றார் நடுவரம்மா. "நீங்க படிச்சீங்களா?"

"பின்பக்கத்தை எதுக்கு மேடம் படிக்கணும்? ஸ்டாம்பு முன்பக்கம்தானே?"

போஸ்ட் மாஸ்டரம்மா வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரின் தபாலைக் கொண்டு சேர்த்தவர். சேராமல் போன தபால் ஒன்று இப்படிக் கண்ணெதிரே நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. "இன்னிக்கு என்ன கிழமை சார்?"

"ஞாயிறு."

"அப்ப உடனே படிங்க."

குகை சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். அதில் ஒரு நேரத்துக்கு ஒரு வார்த்தைதான் தெரியும். முதலில் அவர் பார்த்தது, பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாளே, முன்பக்கம் தடம் விழுந்திருக்குமோ என்பதைத்தான். பிறகு மாடு வந்தது. கை வந்தது. ஃபேன் வந்தது. "பிடிக்கவில்லை" வந்தது. கண்ணாடி அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தது. கடைசியில் "தேட வேண்டாம்" என்பது பெரிது பெரிதாகத் தெரிந்தது.

"இதுக்கு மார்க் குறைப்பீங்களா மேடம்?" என்று அவர் வாய் தன் பாட்டுக்குக் கேட்டது. நாக்கின் பழக்கதோஷம்.

"குறைக்கறதா? இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நெஜமான தபாலை எந்தப் பலகையிலயும் நான் பார்த்ததில்லை. தங்கம் உங்களுக்குத்தான். ஆறு மணிக்கு மேடை. நேர்ல இருக்கணும், இல்லன்னா அடுத்தவருக்குப் போயிடும். அது சங்கத்து விதி." அவர் குரல் தாழ்ந்தது. "மலைக்குக் கடைசி பஸ் எப்ப?"

"நாலு மணிக்கு" என்றார் குகை சார். ஒரு நாளும் ஏறாத பஸ்ஸின் நேரம் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

அவர் உடனே ஓடினார் என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை. மேடையை முன்னால் தள்ளி மூன்றரைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார்கள். நாளைக் காலை போனால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் வருமா என்று யோசித்தார். வராது என்று அவருக்கே தெரிந்தது. போன் பண்ணிப் பார்க்கலாம் என்று எண்ணை அழுத்தப் போனபோதுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. அப்ப என்ன சொல்றீங்க என்று அவள் கேட்டாள். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும் என்று இவர் சொன்னார். சரி என்றாள். அந்தச் சரியை அவர் இப்போதுதான் காதில் வாங்கினார். ஊரெல்லாம் படித்த ஒரு அட்டை. படிக்காத ஒரே ஆள் அது யாருக்கு எழுதப்பட்டதோ அவர்.

"எங்க சார் ஓடறீங்க? பரிசு நேரத்துல!" என்று பல் டாக்டர் பதறினார். பதற்றத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் கொழுந்தியா வீட்டு வாசலில் நின்றார். கொழுந்தியா கதவைத் திறந்து, "வாங்க அத்தான். இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். குரலில் துளி இனிப்பு இல்லை. உள்ளே அந்த அம்மாள் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். கையில் விசிறி இல்லை. அந்தக் கைகள் சும்மா மடியில் கிடந்ததை இவர் முதன்முதலாகப் பார்த்தார்.

"பதக்கம் கிடைச்சுதா?" என்றார் அம்மாள்.

"டாக்டருக்குப் போயிருக்கும்."

"ஏன்?"

"அட்டையைப் படிச்சேன்."

"புதன்கிழமையே வந்துச்சுன்னீங்க?"

"இன்னிக்குத்தான் படிச்சேன்." இதைச் சொல்ல அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "நடுவரம்மா படிக்கச் சொன்னாங்க."

அம்மாளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்ததும் வந்தது. "பொண்டாட்டி எழுதினதைப் படிக்க நடுவர் தீர்ப்பு வேணுமா?" என்று பிடித்தார் ஒரு பிடி. இத்தனை வருஷத்துப் புழுக்கமும் அதில் வெளியே வந்தது. குகை சார் வாசற்படியிலேயே நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் அம்மாள் மூச்சு வாங்கி, "கையில என்ன?" என்றார்.

பார்த்தால் இடுக்கி. பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் அதைப் பிடித்தபடியே வந்திருக்கிறார். அசடு வழிந்தது. கொழுந்தியாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

காலையில் இருவரும் மலை ஏறினார்கள். பாறைக்கு முன்னால் நின்ற குகை சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். தபால்தலையிலும் அட்டையிலும் மாடு இடப்பக்கம் பார்க்கும். இங்கே வலப்பக்கம் பார்த்தது.

"பாறையில தப்பா இருக்கே" என்றார்.

காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அச்சில்தான் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று மண்டைக்கு ஏற அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஏறியதும் உள்ளுக்குள் ஜிவ்வென்றது. அச்சுப் பிழை! சேகரிப்பாளர் உலகத்தில் அதைவிடப் பெரிய புதையல் இல்லை. கண்டுபிடித்தவர் பெயர் நிலைத்துவிடும். வாயைத் திறந்தவர், அம்மாள் தன் கையை அந்தச் சின்னக் கைக்குப் பக்கத்தில் காற்றில் விரித்துப் பிடிப்பதைக் கண்டு மூடிக்கொண்டார். அளவு சரியாகத்தான் இருந்தது. உலகத்தில் வந்த தபால்தலைக்கெல்லாம் நீளம் அகலம் சொல்லக்கூடியவருக்கு, மனைவியின் கை இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீடு திரும்பியபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. பலகைகளைச் சங்கத்துக்காரர்கள் கொண்டுவந்து பக்கத்து வீட்டில் ஒப்படைத்திருந்தார்கள். அவற்றிலிருந்த தபால்தலைகளைப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டுக் குகை சார் நிமிர்ந்தால், அம்மாள் கூடத்து ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விரல் ஸ்விட்சின் மேல் இருந்தது.

"ஒரு நிமிஷம் இரு. இந்த எருமைகளை மட்டும் ஆல்பத்துல..." என்று ஆரம்பித்தார் குகை சார்.

அம்மாள் விரலை எடுத்துவிட்டார். இவர் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே மூலையில் அந்தப் பெட்டி இன்னும் பிரிக்காமல்தான் இருந்தது.

"வேணாம். போடு" என்றார்.

பல வருஷமாகச் சுற்றாத ஃபேன் முதலில் முனகியது. ஒரு கூடைத் தூசியை அவர் தலையில் கொட்டியது. அப்புறம் வேகம் பிடித்தது. மேசையிலிருந்து குதிரைகள் கிளம்பின, மான்கள் கிளம்பின, காட்டெருமைக் கூட்டம் மொத்தமும் கிளம்பிக் கூடமெங்கும் சுற்றியது. அம்மாள் நடுக்கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மாடு வந்து அவர் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. குகை சார் சட்டைப் பையில் இடுக்கியைத் தேடினார். அது கொழுந்தியா வீட்டிலேயே இருந்தது. மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலாலேயே அந்த மாட்டை எடுத்தார்.